கொடுவாக் குழி

நெய்னா முகம்மது படகில்லாமல் மீன் பிடித்தவர். ஒரு கயிறு, ஒரு ஈயக் குண்டு, இரண்டு முள், இடுப்பளவு அலை இருந்தால் அவருக்குப் போதும். தஞ்சோங் காத்தோங் கடற்கரையில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அலைக்குள் இறங்குவார். கயிற்றின் ஒரு நுனி அவர் இடுப்பில் முடிந்திருக்கும். மறு நுனியில் உள்ள குண்டைத் தலைக்கு மேலே சுழற்றி விட்டால், அது உடையும் அலைகளைத் தாண்டிப் போய் அவர் நினைத்த இடத்தில் விழும். மிதக்கும் தேங்காய் மட்டையின் மேல் குண்டை விழவைப்பதாகப் பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறார். மூங்கில் கோல் பிடித்து நிற்பவர்களை அவர் மதித்ததில்லை. "நடுவுல கோல் நின்னா மீன் சொல்றது கைக்கு எப்படிலா கேக்கும்?" என்பார்.

அவர் நாகூர்க்காரர். சின்ன வயதில் சிங்கப்பூருக்கு வந்து ஆற்றில் சரக்குத் தோணி தள்ளினார். ஒரு நாள் கப்பலிலிருந்து இறங்கிய அரிசி மூட்டை அவருடைய வலது முழங்காலில் விழுந்தது. தோணி முதலாளி அவரைக் கரையில் இறக்கிவிட்டு, வேறொருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மூட்டை நனையாமல் தப்பியதா என்று மட்டும் விசாரித்தாராம். அன்றிலிருந்து நெய்னாவுக்குச் சோறு போட்டது கொடுவா மீன்.

கொடுவா கரையை ஒட்டி வரும் மீன். கடல் ஓதம் ஏறும்போது மடவைக் குஞ்சுகளைத் துரத்திக்கொண்டு, மனிதன் நிற்கும் ஆழத்துக்கே வந்துவிடும். வெள்ளைச் சதை, வெள்ளைக்காரர் ஓட்டல்களில் அதற்கு எப்போதும் கிராக்கி. பிடித்ததை ஓலையில் சுற்றிக்கொண்டு, தென்னந்தோப்புகள் வழியே நொண்டி நடந்து, கேலாங்கில் டிராம் ஏறி, சிராங்கூன் சாலைக்கு வந்து சேருவார். அங்கே மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்த ஓலை வீட்டில் அவருடைய மனைவி உம்மு சல்மாவும் மகள் மைமூனும் காத்திருப்பார்கள். உம்மு சல்மா கம்போங் கிளாமில் பிறந்தவர்; தகப்பன் நாகூர், தாய் மலாய்க்காரி. மைமூனுக்குப் பன்னிரண்டு வயது.

மணல் வண்டிகள் வரத் தொடங்கியது 1907 வாக்கில். நகரத்தில் கல் கட்டடங்களும் சரக்குக் கிட்டங்கிகளும் எழும்பிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மணல் வேண்டியிருந்தது. கடற்கரையில் மணல் அள்ள ஒரு குத்தகைதாரர் அனுமதி வாங்கியிருந்தார். அனுமதி மேட்டு மணலுக்கு மட்டும். ஆனால் கட்டடத்துக்கு ஏற்ற பருமணல், கடலே கழுவிக் கொடுத்த சுத்தமான மணல், நீர் வடியும்போது மட்டும் வெளியே தெரியும் இடத்தில் கிடந்தது. அதனால் வற்றம் வந்ததும் மாட்டு வண்டிகள் அங்கே இறங்கும். தமிழ்க் கூலிகள் மண்வெட்டியோடு குனிவார்கள். ஓதம் திரும்பியதும் வண்டிகள் மேலேறிவிடும். தோண்டிய இடத்தைத் தண்ணீர் மூடிவிடும். கடல் தானாக நிரப்பிக்கொள்ளும் என்று குத்தகைதாரர் சொல்லிவந்தார். அவர் ஒரு நாளும் அந்தத் தண்ணீரில் கால் நனைத்தவர் அல்லர்.

கடல் நிரப்பவில்லை. மணலுக்கு அடியில் இருந்தது கெட்டியான களிமண். குழியின் சுவர் கிணற்றுச் சுவர் போல அப்படியே நின்றது. கரையிலிருந்து நடந்து போனால் தண்ணீர் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு நிதானமாக ஏறும். அடுத்த எட்டில் தரை இருக்காது.

நெய்னா இதைத் தன் கட்டைவிரலால் அறிந்தார். வீசிய குண்டை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். மணலில் உரசி வந்த குண்டின் உரசல் திடீரென்று நின்றது. கயிறு இலேசாகிக் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. குண்டு எதன் மேலும் படவில்லை. தான் நிற்கும் தரையைக் காலால் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் கொடுவா கடித்தது, அதுவரை அவர் கண்டிராத பெரிய கொடுவா.

மறுநாள் வற்றத்தில் வந்து பார்த்தார். சுற்றிலும் ஈர மணல். நடுவில் மட்டும் கறுத்த குட்டையாகக் குழி. மடவைக் கூட்டம் அதன் விளிம்பைக் கடக்கும்போது கீழேயிருந்து பெரிய வாய்கள் திறந்து விழுங்கும் என்பது அவருக்குப் புரிந்தது. கொடுவாக்களுக்கு யாரோ இருட்டில் ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். நெய்னா யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வாய் திறக்காமல் இருந்தவரை பிழையில்லை. ஒரு நாள் அந்தி நேரத்தில் திறந்துவிட்டார்.

காதர் மைதீன் என்ற இளைஞர் கம்போங் கிளாமிலிருந்து வந்து சின்ன மீன் பிடிப்பவர். நெய்னாவை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவார். நெய்னாவுக்கு மட்டும் எப்படி இத்தனை கொடுவா கிடைக்கிறது என்று பார்க்க, ஓலைச் சூட்டைக் கொளுத்திக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றார். விளிம்பருகே தண்ணீருக்குள் இரண்டு கண்கள் கங்கு போலச் சிவந்து தெரிந்தன. வெளிச்சம் பட்டால் கொடுவாவின் கண் அப்படித்தான் ஒளிரும். அது காதர் மைதீனுக்குத் தெரியாது.

"நெய்னா நானா, அங்கே செவப்பா... என்னா அது?"

"பாக்காதே. நீ பாத்தா அதுவும் உன்னப் பாக்கும்."

"எது நானா?"

"பேரு சொல்லப்படாது. அது இருக்கிற எடம் இது."

காதர் மைதீன் இரண்டு எட்டு பின்னால் போனார். "அப்ப நீங்க மட்டும் நிக்கிறீங்களே?"

"என் காலு ஒண்ணு ஏற்கெனவே போயிருச்சுலா. பாதி போனவன அது தொடாது. நீ முழுசா இருக்கே, பாத்துக்க."

வேடிக்கையாகத்தான் சொன்னார். காதர் மைதீன் சிரிக்கவில்லை. சூட்டைத் தண்ணீரில் அமுக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கம்போங் கிளாம் காப்பிக் கடைகளில் அந்தப் பேர் சொல்லாதது ஜின்னாகி, அதற்குத் தாடியும் முளைத்துவிட்டது. அதன் கைகள் பனை மர நீளம் வளர்ந்துவிட்டன. தூண்டில்காரர்கள் அந்தப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். நெய்னா மட்டும் நிம்மதியாக மீன் பிடித்தார்.

சில மாதங்களில் தங்கராஜு செத்தார். அவர் மணல் கூலி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வேலை முடிந்து உடம்பு கழுவப் போனார். ஓதம் ஏறிவிட்டதால் குழி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தானே தோண்டிய குழியில் இறங்கினார். கூட வேலை செய்தவர்கள் அவரை வெளியே எடுத்தபோது மண்ணைப் பிறாண்டிய விரல்களில் நகம் இல்லை.

போலீஸ்காரர் வந்து விசாரித்தார். கூலிகளை மேய்க்கும் தண்டல் முன்னால் வந்து நின்றுகொண்டு, "இங்க ஒரு பேய் இருக்கு துவான். ஊருக்கே தெரியும். மலாய்க்காரங்களைக் கேளுங்க, ஹந்துன்னு சொல்லுவாங்க. எத்தனை தடவ சொன்னாலும் இவனுங்க கேக்கறதில்ல" என்றார். அதோடு விசாரணை முடிந்தது. குத்தகைதாரரைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியும்; ஜின்னை யாரால் இழுக்க முடியும்? ஏழைகள் தங்கள் பயத்துக்காக வளர்க்கும் பேய்கள், பணக்காரர்களுக்குச் சம்பளமில்லாமல் வக்கீல் வேலை பார்ப்பதை இதைவிடத் தெளிவாகக் காண முடியாது.

தங்கராஜுவோடு ஒரே கூலி லயத்தில் தூங்கியவர் செல்லக்கண்ணு. மணல் வண்டி ஓட்டுபவர். சவத்தை எரித்துவிட்டு வந்தவர் நேராக நெய்னாவிடம் வந்தார்.

"என்ன மரைக்காரே, உங்க ஜின்னு எங்காளக் கொண்டுட்டுப் போயிருச்சாமே?"

நெய்னா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"குழி தோண்டினது நாங்க. அதுல மீன் பிடிக்கிறது நீங்க. ஊடால இந்த ஜின்னு எங்கேந்து மொளச்சுது? நீங்கதான் மொதல்ல கண்டீங்களாம். எனக்கும் காட்டுங்க. ஒரு நாளு கூலிக்கு வருதான்னு கேட்டுப் பாக்கறேன்."

"நான் சொல்லலேன்னாலும் அவரு குழியிலதான் விழுந்திருப்பாரு, செல்லக்கண்ணு."

"விழுந்திருப்பான். ஆனா குழின்னு எழுதியிருப்பாங்க."

நெய்னா சுருட்டிய கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பினார். அடுத்த ஓதத்துக்கு அவர் அதே இடத்தில் நின்று கயிறு வீசினார். வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே.

அந்த வீட்டில்தான் அவருடைய பொய் அடுத்து வந்து உட்கார்ந்தது.

மைமூனுக்குக் குளிர் காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பல் கிட்டிக்க நடுங்குவாள்; பிறகு உடம்பு அனலாகும்; பிறகு வியர்த்துக் கொட்டித் துவண்டு கிடப்பாள். சிராங்கூன் சாலையின் மாட்டுக் கொட்டகைகளைச் சுற்றி எருமைகள் புரளும் குட்டைகள். அந்தி சாய்ந்தால் அங்கிருந்து கொசு புகை போலக் கிளம்பும். அந்தக் காய்ச்சல் கொசுவால் வருகிறது என்று உலகம் கண்டுபிடித்துப் பத்து ஆண்டு ஆகியிருந்தது. வெள்ளைக்காரர்கள் மேட்டில் பங்களா கட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வலை அடித்துக்கொண்டார்கள். குட்டைகள் குட்டைகளாகவே கிடந்தன. ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்தார்கள். கசப்பு தாங்காமல் மைமூன் கக்கினாள். தாய்க்கும் அந்த வெள்ளைத் தூளில் நம்பிக்கை இல்லை. பொட்டலத்தைக் கூரை ஓலையில் செருகிவைத்துவிட்டார்.

ஒரு நாள் நெய்னா கொண்டுவந்த கொடுவாவை உம்மு சல்மா தொடவில்லை.

"இந்த மீனு இனிமே என் அடுப்புல ஏறாது."

"ஏன், என்னாச்சு?"

"என்னையக் கேக்குறீங்களா? குழாயடியில பொம்புளைங்க பேசுறாங்க. அதோட எடத்துல நின்னு, அதோட மீனைத் திருடிட்டு வந்து எங்களுக்குத் தின்னக் குடுத்திருக்கீங்க. உங்களத் தொட முடியாமத்தான் புள்ளயப் புடிச்சு ஆட்டுது."

நெய்னா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பாயில் கிடந்த மகளைப் பார்த்தார். பிறகு உள்ளதைச் சொன்னார்: ஜின் இல்லை, அது கொடுவாவின் கண், காதர் மைதீனை விரட்டுவதற்காகத் தான் கட்டிவிட்ட கதை, அங்கே இருப்பது குழி.

உம்மு சல்மா அசையாமல் கேட்டார். பிறகு மெதுவாக, "தங்கராஜுன்னு ஒருத்தரு செத்தாரே, அதுவும் நீங்க கட்டின கதையா?" என்றார்.

"அது குழியில..."

"ஆண்டவனே! அதுதான் உங்க நாக்குல உக்காந்து பேசுது. இல்லேன்னு சொல்ல வைக்குது. மைமூன் வாப்பா, என் காதால கேக்க முடியலே."

அவர் முடிவு செய்துவிட்டார். ஸபர் மாதத்தின் கடைசிப் புதனன்று, அந்த மாதத்தோடு இறங்குவதாகச் சொல்லப்படும் துன்பங்களைக் கழுவ, மலாய்க்காரர்களும் தமிழ் முஸ்லிம்களும் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்க் குளிப்பார்கள். வண்டி வண்டியாகச் சோறும் பலகாரமும் போகும், ரெபானா மேளம் கொட்டுவார்கள், காதலர்கள் பாட்டிலேயே பேசிக்கொள்வார்கள். பாதி நேர்ச்சை, பாதித் திருவிழா. அந்த ஒடுக்கத்துப் புதனன்று மைமூனை ஜின்னின் இடத்திலேயே இறக்கிக் குளிப்பாட்டி, பிடித்ததை அங்கேயே விட்டுவிட்டு வருவதாக உம்மு சல்மா நேர்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜின் இருக்கும் தண்ணீரிலேயே ஓதிக் குளித்தால் எந்த முஸீபத்தும், எந்தத் துன்பமும் தங்காதாமே! நெய்னா ஆட்களை விரட்டக் கட்டிய கதை, ஆட்களை அங்கேயே இழுத்துக்கொண்டு வந்தது.

நெய்னா அப்துல் மஜீது லெப்பையிடம் போனார். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவர், நல்ல மனிதர், யாருடைய மனமும் கோணப் பயந்தவர். நெய்னா சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"நெசத்தச் சொல்லணும்னா நெய்னா, இந்தக் குளியலே மார்க்கத்துல இல்ல."

"அதை அவங்ககிட்டச் சொல்லுங்களேன், லெப்பை."

"சொன்னா கேப்பாங்களா? வேற லெப்பையக் கூட்டிக்குவாங்க. ஒண்ணு செய்யிறேன். முழங்கால் தண்ணிக்கு மேல யாரையும் எறங்க விடமாட்டேன். போதுமா?"

"முழங்கால் தண்ணிதான் லெப்பை குழியோட வாசப்படி!"

லெப்பை அவரை இரக்கத்தோடு பார்த்தார். ஒரு வசனத்தை ஓதி அவர் முகத்தில் ஊதினார். ஊர் அவரைப் பற்றி என்ன பேசுகிறது என்பது நெய்னாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த ஆண்டு கடைசிப் புதன், ஸபர் முடியும் தறுவாயில், நிலவில்லாத நாளாக வந்தது. அப்போது வற்றமும் பெரிது, ஓதமும் பெரிது. விடியலில் கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடக்கும். ஊர் வண்டிகள் வந்து சேரும் வேளையில் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும். கடற்கரையில் பிழைத்தவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியற்காலை தரை தெரியும்போதே குழியைச் சுற்றிக் கம்பு நட்டுவிடுவது என்று தீர்மானித்தார். கம்புக்கு அவர் போய் நின்றது செல்லக்கண்ணுவிடம்.

"தண்டல் பாத்தா என் சோத்துல மண்ணு, மரைக்காரே" என்றார் செல்லக்கண்ணு. ஆனாலும் புதன்கிழமை விடியலில் அவருடைய வண்டி மூங்கில் கம்புகளோடு கடற்கரையில் நின்றது.

இருவருமாகக் குழியின் விளிம்பைச் சுற்றிக் கம்புகளை அடித்து இறக்கினார்கள். களிமண் கம்புகளை இறுகப் பிடித்துக்கொண்டது. குழிக்குள் தண்ணீர் அசையாமல் கறுத்துக் கிடந்தது. செல்லக்கண்ணு கடைசிக் கம்பை முழுதாக உள்ளே விட்டுப் பார்த்தார். அவருடைய கை தோள்வரை நனைந்தது. கம்பு அடியைத் தொடவில்லை.

"எங்க கைதான் தோண்டிச்சு. ஆனா இவ்வளவுன்னு தெரியாது" என்றார்.

"தண்ணி ஏறினா கம்பு நுனி மட்டுந்தான் வெளிய தெரியும். வெயில்ல கண்ணு கூசும்" என்றார் நெய்னா. தன் தலைப்பாகையை அவிழ்த்தார். வெள்ளை மல் துணி. அதை நீளநீளமாகக் கிழித்து, ஒவ்வொரு கம்பின் நுனியிலும் ஒரு கீற்றைக் கட்டினார். காற்றில் அவை படபடத்தன. தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். செல்லக்கண்ணுவுக்கும் திருப்தி. அவர் சைவர், அதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்ற வழியில்லை. நெய்னாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நாகூரில் கொடி ஏறும்போது கூட்டத்தில் நின்று பார்த்தவர் அவர். இந்தத் தீவில் ஒரு மரத்தடியிலோ பாறையிலோ துணி கட்டியிருந்தால் அதைக் கெராமாட், புனித இடம் என்று கும்பிடுவார்கள் என்பதை நாள்தோறும் கண்டவர். ஆனால் அவர் கையில் அப்போது இருந்தது கிழிந்த தலைப்பாகை. மனதில் இருந்தது குழி. அவ்வளவுதான் அவர் பார்த்தார்.

தண்டலின் ஆள் வந்து செல்லக்கண்ணுவைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். நெய்னா தனியாக நின்றார். தண்ணீர் ஏறத் தொடங்கியது. முதலில் கம்புகளின் கால்களைச் சுற்றியது. பிறகு குழியும் தரையும் ஒன்றாகி, எங்கும் ஒரே வெள்ளித் தகடாக மினுங்கியது. துணிக் கீற்றுகள் மட்டும் மேலே ஆடிக்கொண்டிருந்தன.

தென்னந்தோப்புக்குள்ளிருந்து வண்டிகள் வந்தன. ரெபானாச் சத்தம் கேட்டது. பெண்கள் மஞ்சளும் பச்சையுமாகப் பட்டுக் கைலி கட்டி, தலையில் முக்காடிட்டு இறங்கினார்கள். முதலில் கண்டது ஒரு கிழவர். கையை உயர்த்திக் காட்டினார்.

"அங்க பாருங்க! கொடி!"

"யாரு ஏத்தினது?"

"யாரு ஏத்துவா? விடிய வந்தவங்களும் பாக்கலியாம். தண்ணிக்கு நடுவுல தானா நிக்குது!"

"யாரோ ஒரு மகான், அவுலியா எறங்கியிருக்காக. ஜின்னை வளைச்சுக் கட்டிப் போட்டுட்டாக!"

கூட்டம் முழுவதும் ஒரே மூச்சு இழுத்தாற்போல் ஒரு சத்தம் எழுந்தது. நெய்னா நொண்டி நொண்டி வந்தார். தலைப்பாகை இல்லாத தலை, சேறு பூசிய கைகள். "நான் நட்டது! என் தலைப்பாகைதான்! பாருங்க, என் தலையப் பாருங்க! அது குழி! கம்புக்கு உள்ளே போகாதீங்க!" என்று கத்தினார்.

காதர் மைதீன்தான் முதலில் அவரைப் பிடித்தார். அன்போடுதான் பிடித்தார். "நானா, அமைதியா இருங்க. இன்னிக்கு உங்களையும் அது விட்டுரும்."

"டேய், விடுறா! நான் உங்கிட்டச் சொன்னது பொய்யிடா! கொடுவாக் கண்ணுடா அது!"

"கேட்டீங்களா, எப்படிப் பேசுதுன்னு?" என்றார் காதர் மைதீன் மற்றவர்களிடம். இன்னும் நான்கு பேர் வந்தார்கள். அவரை மணலில் உட்காரவைத்துத் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். லெப்பை குங்குமப்பூ மையால் வசனம் எழுதிய தாளைக் கிண்ணத்து நீரில் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தார். நெய்னாவின் கண்ணை ஒரு கணம் பார்த்தார். அந்தக் கணத்தில் அவருக்கு உண்மை தெரிந்திருக்கும். "முழங்காலுக்கு மேல வேணாம்மா" என்று பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். ரெபானாவில் அது யாருக்கும் கேட்கவில்லை. பிறகு நெய்னாவின் தலையில் தண்ணீரை ஊற்றினார்.

அந்தத் தண்ணீர் கண்ணில் வழிய வழிய, நெய்னா தன் மனைவியையும் மகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மு சல்மா மைமூனின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. மைமூன் திரும்பி வாப்பாவைப் பார்த்தாள். அவரை ஏன் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று தாயிடம் கேட்டிருப்பாள் போலும். தாய் ஏதோ சொல்லி அவளை முன்னுக்கு இழுத்தார். முழங்கால். முதல் கொடியை உம்மு சல்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே கால் வைத்தார்.

அலறல் எழவில்லை. அங்கே தலைகள் இருந்தன, பிறகு இல்லை. பின்னால் வந்தவர்கள் முன்னால் போனவர்கள் முங்கிக் குளிப்பதாக எண்ணித் தாங்களும் ஓர் எட்டு வைத்தார்கள். அதன் பிறகுதான் அலறல்.

தோளைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. நெய்னாவால் ஓட முடியாது. அந்த முழங்காலோடு போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிடும். இடுப்பில் கயிறு இருந்தது. குண்டை எடுத்துச் சுழற்றினார். பக்கத்தில் நின்றவர்கள் தலையைக் குனிந்து சிதறினார்கள். வாழ்நாளில் எத்தனையோ முறை வீசிய அதே வீச்சு. குண்டு கம்புகளைத் தாண்டிப் போய் விழுந்தது. இழுத்தார். உரசல். உரசல் நின்றது. கயிறு இறங்கியது, அவருக்கு நன்றாகத் தெரிந்த அந்த இலேசான இறக்கம். பிறகு கனத்தது.

இழுத்துக்கொண்டே இருந்தார். உள்ளங்கை அறுந்து கயிறு சிவந்தது. விளிம்பைத் தாண்டி மைமூன் வந்தாள். முள் அவளுடைய இடது தோளில் ஆழமாக ஏறியிருந்தது. காதர் மைதீன் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். நெய்னா மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. முள்ளைத் தோளிலிருந்து அறுத்தெடுத்துக்கொண்டு மறுபடி வீசினார். மறுபடி. குண்டு இறங்கிக்கொண்டே போயிற்று. எதன் மேலும் படவில்லை.

மலாய்ப் படகோட்டிகள் பாய்ந்து மூச்சோடு சிலரை வெளியே கொண்டுவந்தார்கள். உம்மு சல்மாவையும் இன்னும் இரண்டு பெண்களையும் மூச்சில்லாமல் கொண்டுவந்தார்கள். உம்மு சல்மாவின் கைக்குள் ஒரு வெள்ளைத் துணிக் கீற்று இருந்தது.

மரண விசாரணை நடந்தது. செல்லக்கண்ணு தானாகப் போய் நின்று, மணல் எங்கே தோண்டச் சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்று விவரமாகச் சொன்னார். மொழிபெயர்த்தவர் அதை ஒரு வரியாகச் சுருக்கினார்: அந்த இடம் ஆழமானது என்று சாட்சி சொல்கிறார். நெய்னா, ஜின் கதையைத் தான்தான் கட்டியதாகச் சொன்னார். மனைவியை இழந்த துக்கம் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். தவறி நேர்ந்த மரணம் என்று தீர்ப்பானது. செல்லக்கண்ணுவுக்கு வேலை போயிற்று. மணல் தோண்டச் சொன்ன குத்தகைதாரரின் பெயரை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

அவராகவே வந்தார். அந்த இடத்துக்கு நேரே கரையில் ஒரு மேடை கட்டவும் வேலி அடைக்கவும் தன் செலவிலேயே பலகையும் கூலியும் கொடுத்தார். ஊர் மக்களின் நம்பிக்கையை மதிக்கும் பெரிய மனிதர் என்று அவருக்கு நல்ல பெயர். வண்டிகளைக் கிழக்கே சிக்லாப் பக்கம் நகர்த்திக்கொண்டார். அங்கேயும் வற்றத்தில்தான் தோண்டினார்கள்.

மைமூன் கூரை ஓலையிலிருந்து கொயினாப் பொட்டலத்தைத் தானே எடுத்தாள். கக்கினாள், மறுபடி விழுங்கினாள். காய்ச்சல் விட்டது. ஒடுக்கத்துப் புதனில் விட்டது என்று ஊர் சொன்னது. தோளில் இருந்த வடுவை ஜின்னின் நகம் என்றார்கள். "வாப்பா போட்ட முள்ளு" என்று அவள் கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லிப் பார்த்தாள். வெயிலில் வைத்த பனிக்கட்டி போல அந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் கரைந்து போனது.

நெய்னா அதற்குப் பிறகு கொடுவா பிடிக்கவில்லை. மேடைக்கு வருகிறவர்களை வழிமறித்து, "இங்க ஒண்ணும் இல்ல. பொய் சொன்னவன் நான்தான். தோண்டினவன் சிக்லாப்புல இருக்கான், போய்க் கேளுங்க" என்பார். அவர்கள் தலை குனிந்து கேட்டுக்கொள்வார்கள். எவ்வளவு பெரியவர், எவ்வளவு பணிவு என்று பேசிக்கொண்டு, அவர் நின்ற மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள்.

ஆகவே அவர் வேறு வேலை எடுத்துக்கொண்டார். வண்டிகள் தோண்டிவிட்டுப் போன ஒவ்வொரு குழியைச் சுற்றியும் வற்றத்தில் கம்பு நட்டார். செல்லக்கண்ணு கம்பு வெட்டிக் கொடுத்தார். மைமூன் சுமந்து வந்தாள். இந்த முறை துணி கட்டவில்லை. கம்புகளுக்குத் தார் பூசினார்கள், அசிங்கமாக, கறுப்பாக, யாரும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றாதபடி.

அடுத்த ஸபர் மாதம் நெருங்கியது. ஒரு விடியலில் மூவரும் சிக்லாப்பில் இறங்கிப் போனார்கள். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. குழி கறுத்துக் கிடந்தது. மைமூன்தான் முதலில் கண்டாள். தார்க் கம்பின் நுனியில் யாரோ ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முடிச்சு இன்னும் ஈரமாக இருந்தது. அவள் அதை அவிழ்க்கத் தொடங்கினாள். அதற்குள் நெய்னா அடுத்த கம்பைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். எல்லாவற்றிலும் மஞ்சள். தண்ணீர் திரும்பத் தொடங்கியிருந்தது.